கனத்த தொட்டி, மெலிந்த தண்ணீர்

எங்கள் சிங்க்கின் அடியில் உள்ள ஆர்.ஓ. வடிகட்டியில், குழாயைத் திறந்ததும் ஒன்றரை டம்ளர் தண்ணீர் வேகமாக வந்து, பிறகு நூலாக மெலிந்துவிடும். கார்பன் வடிகட்டியையும் மெம்பரேனையும் மாற்றியும் பயனில்லாமல் நான்கு நாட்கள் வீணாயின. சேமிப்புத் தொட்டியைத் தூக்கியபோதுதான் புரிந்தது: நீர் வராத தொட்டி கல்லாய்க் கனத்தது. உள்ளிருக்கும் ரப்பர் பையை வெளியிலிருந்து அழுத்த வேண்டிய காற்று இறங்கிப் போயிருந்தது.

உள்வரும் நீரை அடைத்து, குடிநீர்க் குழாயைத் திறந்தே வைத்துக்கொண்டு, தொட்டியின் கீழ்ப்பக்கத்தில் சிறு மூடிக்குள் மறைந்திருந்த, பைக் டியூபில் இருப்பது போன்ற வால்வில் கால்பம்பால் காற்றடித்தபோது, தேங்கிய நீர் முழுவதும் வெளியேறியது. தொட்டி காலியான பிறகு அளந்தால்தான் அழுத்தம் சரியாகத் தெரியும், 7 பி.எஸ்.ஐ. வந்ததும் நிறுத்தினேன். மறுநாள் காலை ஒரு குடம் தடையின்றி நிறைந்தது, நிம்மதியாக இருந்தது.