'சும்மா தள்ளினேன்' வழக்காகும்போது: கைகலப்புக்குப் பின் இளையர்கள் செய்யும் தவறுகள்

புளோக்கின் கீழ்த்தளத்திலோ, காற்பந்துத் திடலிலோ, மதுக்கூட வாசலிலோ இரண்டு பேருக்குள் வாக்குவாதம். ஒருவர் தள்ளுகிறார், மற்றவர் ஓங்கி ஒன்று விடுகிறார். மறுநாள் இருவருமே "இதெல்லாம் ஒரு கேஸா?" என்கிறார்கள். சிங்கப்பூரில் அது கேஸ்தான். தண்டனைச் சட்டத்தொகுப்பின் 323ஆம் பிரிவுப்படி, வேண்டுமென்றே காயம் விளைவித்தால் மூன்றாண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். 2020க்கு முன் சிறையின் உச்சவரம்பு இரண்டாண்டாக இருந்தது. ரத்தம் வந்தால்தான் காயம் என்பதில்லை. உடல்வலி ஏற்படுத்தினாலே சட்டத்தின் கண்ணில் காயம்தான்.

உச்சவரம்பைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். முதல் முறை சிக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களுக்காக உச்சவரம்பு இரண்டாண்டாக இருந்த 2019ல் உயர் நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது. கன்றிப்போதல், சிராய்ப்பு போன்ற லேசான காயத்துக்கு அதில் சொல்லப்பட்டது அபராதம் அல்லது நான்கு வாரம் வரை சிறை. அடித்த அந்த ஒரு நொடியைவிட, அதற்கு அடுத்த சில நாட்களில் செய்யும் காரியங்கள்தான் பலரை ஆழமாகச் சிக்கவைக்கின்றன என்பது என் கருத்து.

முதலில், "பெரியவங்க பேசி முடிச்சாச்சு" என்ற நம்பிக்கை. நம் குடும்பங்களில் இது அதிகம். மாமா ஒருவர் போய்ப் பேசுவார், மருத்துவச் செலவுக்குப் பணம் கைமாறும், புகாரை வாபஸ் வாங்குவதாக ஒரு தாளில் கையெழுத்தாகும். சமரசம் தப்பில்லை. 323ஆம் பிரிவு, அடிபட்டவர் சம்மதித்தால் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களில் ஒன்று. முறையாக முடிந்தால் விடுதலைக்குச் சமமான பலன் உண்டு. ஆனால் போலீஸ் விசாரணை தொடங்கிவிட்டால் அரசுத் தரப்பின் சம்மதமும் வேண்டும். அந்தத் தாள் மட்டும் வழக்கை மூடாது. ஒரு வழக்கறிஞர் மூலம் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பதுதான் நேர்வழி.

இதிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. அடிபட்டவருக்கு இரவு பகலாக வாட்ஸ்அப்பில் "கேஸை வாபஸ் வாங்கு" என்று அனுப்புவது, நண்பனிடம் "அந்த வீடியோவை அழிச்சிடு" என்பது. நீதிக்குத் தடை ஏற்படுத்துவது தனிக் குற்றம். அதற்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. அதாவது மூலக் குற்றத்தைவிட இரு மடங்குக்கும் மேல்! மன்னிப்புக் கேட்க மனம் துடித்தால், அதையும் வழக்கறிஞர் வழியாகவே அனுப்பலாம்.

கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு போவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐந்து பேர் சேர்ந்துவிட்டால் கலவரக் குற்றச்சாட்டு வரலாம்: ஏழாண்டு வரை சிறை, பிரம்படி. பாட்டிலைக் கையில் எடுத்தால் வேறு பிரிவு. மூக்கெலும்பு முறிந்தால் அது கடுங்காயம், பத்தாண்டு வரை போகும். குத்து ஒன்றுதான், எங்கே பட்டது என்பதில் பிரிவே மாறிவிடுகிறது.

அடுத்து, வாக்குமூலம். போலீஸ் நிலையத்தில் வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று படங்களைப் பார்த்து எதிர்பார்க்க வேண்டாம். வழக்கறிஞரை அணுகும் உரிமை அரசமைப்பிலேயே இருக்கிறது, ஆனால் அது நியாயமான கால அவகாசத்துக்குப் பிறகே. தனக்கு எதிராகத் திரும்பக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். பொய் சொல்லத்தான் கூடாது. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ஆங்கிலம் நன்றாக வருபவர்களே பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்று தலையாட்டுவார்கள். எழுதியதை வாசித்துக் காட்டும்போது, சொல்லாதது இருந்தால் திருத்தச் சொல்லி, அப்புறம் கையெழுத்திட வேண்டும். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிய பிறகு எடுக்கும் வாக்குமூலம் இன்னும் முக்கியம். "அவன்தான் முதலில் அடித்தான்" என்பது உங்கள் தற்காப்பு வாதம் என்றால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். நீதிமன்றத்தில் முதல் முறையாகச் சொன்னால் நீதிபதி நம்புவது கடினம்.

தற்காப்புக்கும் எல்லை உண்டு. அடிக்க வந்தவரைத் தடுத்துத் தள்ளுவது தற்காப்பு. அவர் திரும்பி நடக்கும்போது பின்னாலிருந்து குத்துவது பழிவாங்கல்.

வழக்கறிஞருக்கு வசதியில்லை என்று அப்படியே விட்டுவிடுவதும் தவறு. 2022 டிசம்பரில் தொடங்கிய பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆஃபிஸ் என்ற அரசு அலுவலகம், வருமானத் தகுதியுள்ள குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் குற்ற வழக்குகளில் உதவுகிறது. இன்னொன்று: ஜாமீன்தாரராக அம்மா கையெழுத்திட்டிருந்தால், ஒரு விசாரணைத் தேதிக்குப் போகாமல் விட்டாலும் அவருடைய பணம் பறிபோகலாம்.

21 வயதுக்குள் இருப்பவர்களின் குடும்பங்களில் ஒரு குழப்பத்தைப் பார்க்கலாம். சீர்திருத்தப் பயிற்சி என்றதும் ஏதோ வகுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது குறைந்தது 6 அல்லது 12 மாதம் உள்ளே வைக்கும் தண்டனை. நன்னடத்தைக் கண்காணிப்புதான் வீட்டிலிருந்தபடியே படிப்பையோ வேலையையோ தொடர வழி தருவது. சரி, எது கிடைக்கும்? குற்றத்தின் கடுமையும், திருந்தும் வாய்ப்பும், வீட்டின் ஆதரவும் எடைபோடப்படும். பெற்றோர் நீதிமன்றத்துக்கு வருவது வெறும் ஆறுதலுக்காக அல்ல.

கடைசியாக, "அபராதம் கட்டியாச்சு, முடிஞ்சுது" என்ற எண்ணம். வழக்குத் தொடராமல் கடும் எச்சரிக்கை மட்டும் கிடைத்திருந்தால் அது தண்டனைத் தீர்ப்பு அல்ல. அபராதம் அப்படியில்லை, அது தீர்ப்பு. குற்றப் பதிவேட்டில் ஏறலாம். வேறு தண்டனை எதுவும் இல்லாமல், மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் என்றால், ஐந்தாண்டு சுத்தமாக இருந்த பிறகு அந்தப் பதிவு காலாவதியாகும். 3,000 வெள்ளி அபராதம் கட்டியவருக்குத் தானாக அது நடக்காது. காவல்துறை ஆணையரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.