கூடாரம் போடுகிறவர்களுக்குச் சிலந்திக் கடி பற்றி

பழனி மலையில், தாண்டிக்குடிக் காப்பித் தோட்டங்கள் பக்கம் கூடாரம் போட வருகிறவர்களை நான் கூட்டிப் போகிறேன். வந்து இறங்கியதும் எல்லாரும் யானையைப் பற்றித்தான் கேட்பார்கள். எட்டுக்கால் பூச்சி நினைவுக்கு வருவது மறுநாள் காலையில், கையில் தடிப்பைப் பார்த்த பிறகு.

பாதைக்குக் குறுக்கே பொன்னிறத்தில் மினுங்கும் வலை கட்டி, நடுவில் விரல் நீளக் கால்களோடு உட்கார்ந்திருக்குமே, அதற்குப் பயப்பட வேண்டாம். குனிந்து ஒதுங்கிப் போங்கள். கவனிக்க வேண்டியது மரப்பொந்தில் வாழும் மயிர்ச் சிலந்தி. பொயிசிலோதீரியா என்கிற இனம். பகலில் பொந்துக்குள்ளோ உரிந்த பட்டைக்குப் பின்னாலோ பதுங்கியிருக்கும், இருட்டியதும் வாசலுக்கு வரும். கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். முன்னங்காலைத் தூக்கினால் அடியில் மஞ்சள் தெரியும். அது எச்சரிக்கை, அதற்கு மேல் கிட்டே போகாதீர்கள். இது கடித்தால் வலியோடு கடுமையான தசைப்பிடிப்பும் வரும், சில நாள் கழித்துத் திரும்பவும் வரலாம். பொந்துக்குள் டார்ச் அடித்துக் குழந்தைகள் விரலை நீட்டுவார்கள், அவர்கள் பக்கத்திலேயே இருங்கள்.

மற்றபடி பழக்கம்தான். விறகைக் காலால் புரட்டிவிட்டுக் கையுறையோடு எடுங்கள். துணியைப் புதர் மேல் காயப்போடாதீர்கள். கூடார ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள், காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

கடித்துவிட்டதா? சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, மறுபடி வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். பரவுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். சுண்ணாம்பு தடவுவது, கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. தசை இழுத்துப் பிடித்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, வாந்தி வந்தாலோ, உதடு வீங்கி மூச்சு திணறினாலோ 108. இங்கே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, அதனால் காத்திருக்காமல் வண்டியில் ஏற்றி வத்தலக்குண்டுக்கு இறக்குங்கள். சிலந்திக்கென்று தனி விஷமுறிவு மருந்து நம் ஊரில் இல்லை, அறிகுறிக்குத்தான் வைத்தியம். கடித்தது எது என்று பார்க்கவில்லையா? பாம்பு என்றே வைத்துக்கொண்டு ஆளை நடக்கவிடாமல் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, இதை நான் எல்லாரிடமும் இரண்டு தடவை சொல்வேன். ஊருக்குத் திரும்பி ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கைப் பாருங்கள். வலிக்காத கறுப்புப் பொருக்கு இருந்தால் சிலந்திக் கடி என்று விட்டுவிடாதீர்கள். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்குச் சீக்கிரம் கேட்கும், தள்ளிப்போட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். மலைக்குப் போய் வந்ததை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, அந்தப் பொருக்கையும் காட்டுங்கள்.