பழைய கம்ப்யூட்டரில் டிஸ்பிளே வரவில்லையா? கடைக்குத் தூக்கிப் போகும் முன் செய்து பார்க்க வேண்டியவை

பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கம்ப்யூட்டரை ரொம்ப நாள் கழித்து ஆன் செய்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்: உள்ளே ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருக்கும். கடையில் கேட்டால் "போர்டு போயிடுச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் பல நேரம் போர்டுக்கு (எல்லா பாகங்களும் செருகப்படும் பெரிய சர்க்யூட் பலகை, அதாவது மதர்போர்டு) ஒன்றும் ஆகியிருக்காது. ராம் (தற்காலிக நினைவகப் பட்டை) சரியாகப் பதியாமல் இருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம், இல்லையென்றால் உள்ளே இருக்கிற சின்ன பாட்டரி தீர்ந்திருக்கலாம்.

காசு செலவாகாத வேலைகளை முதலில் முடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஆன் செய்து பாருங்கள். நாலு வேலையைச் சேர்த்துச் செய்தால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஸ்டார் ஸ்குரூடிரைவர், பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பர், இதுவரை பெயிண்டில் முக்காத ஒரு இன்ச் பிரஷ், ஒரு சி.ஆர்.2032 பட்டன் பாட்டரி. தெர்மல் பேஸ்ட் (பிராசசர் என்ற முக்கிய சிப்பின் மேல் வைக்கும், சூட்டைக் கடத்தும் பசை) பிறகு தேவைப்படலாம்.

முதல் படி: வெளியே பாருங்கள்

மானிட்டரை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். "நோ சிக்னல்" என்று எழுத்து வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நீல முனை கொண்ட வி.ஜி.ஏ. கேபிளைக் கழற்றி, பின் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நடு வரிசையில் ஒரு பின் இல்லையே என்று பயப்பட வேண்டாம், பல கேபிள்களில் அந்தப் பின் இருக்கவே இருக்காது. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் என்றால் கேபிளை அந்தக் கார்டில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு டிஸ்பிளே இல்லை என்று தேடுகிறவர்கள் நிறைய.

இரண்டாம் படி: திறந்து தூசி தட்டுங்கள்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பவர் கேபிளையே உருவிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள், உடம்பில் இருக்கும் ஸ்டாடிக் மின்சாரம் இறங்கிவிடும்.

எதையும் கழற்றும் முன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பவர் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய ஒயர்களை. அவை உருவிக்கொண்டால் எது எங்கே இருந்தது என்று நினைவிருக்காது.

பிரஷ்ஷால் தூசியைத் தள்ளுங்கள். ப்ளோயர் இருந்தால் நல்லது, ஆனால் காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் வெளியிலிருந்து காற்று மட்டும் அடியுங்கள். அதை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், கரண்ட்டை எடுத்த பிறகும் உள்ளே ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும்.

அப்படியே ஃபேனுக்கு அடியில் இருக்கும் பிராசசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளைப் பாருங்கள். அவைதான் கெப்பாசிட்டர்கள். மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டில் கோளாறு என்பது கிட்டத்தட்ட உறுதி. 2000க்குப் பிந்தைய சில வருடங்களில் பல கம்பெனிகளின் போர்டுகளில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் வந்துவிட்டன, அந்தக் காலத்துப் போர்டுகளில் இது சகஜம். சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார்.

மூன்றாம் படி: ராம்

டிஸ்பிளே வராத பழைய கம்ப்யூட்டர்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

ராம் ஸ்லாட்டின் இரண்டு முனையிலும் கிளிப் இருக்கும். இரண்டையும் வெளிப்பக்கம் அழுத்தினால் ராம் தானாக மேலே எழும். பக்கவாட்டு விளிம்பைப் பிடித்து எடுங்கள். கீழே வரிசையாகத் தங்க நிறப் பட்டைகள் தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பளபளப்பு போய் மங்கலாக, சில இடங்களில் கறையாக இருப்பது தெரியும். நம் ஊர் ஈரக்காற்றில், அதுவும் கடலோரத்தில், இது சீக்கிரம் வரும்.

ரப்பரால் அந்தப் பட்டைகள் மேல் மெதுவாகத் தேயுங்கள். மேலிருந்து கீழாக, விளிம்பை நோக்கி. இரண்டு பக்கமும் தேய்த்ததும் ரப்பர் தூளைப் பிரஷ்ஷால் முழுவதும் தட்டிவிடுங்கள். தூள் ஸ்லாட்டுக்குள் போனால் புதுப் பிரச்சினை. சுத்தம் செய்த இடத்தை மறுபடி விரலால் தொடாதீர்கள். ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள்.

திரும்பப் போடும்போது ராமில் இருக்கும் வெட்டும் ஸ்லாட்டில் இருக்கும் மேடும் பொருந்த வேண்டும். டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டிலும் 240 பின்தான், நீளமும் ஒன்றுதான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. பொருந்தவில்லை என்றால் அது வேறு ரகம், அழுத்தாதீர்கள். பொருந்தினால் இரண்டு முனையிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். "டக்" என்று கிளிப் மூட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் போர்டு உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே விட்டுவிடுவார்கள், அதனாலேயே டிஸ்பிளே வராது.

இரண்டு ராம் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். வரவில்லையா, அடுத்த ஸ்லாட். அப்புறம் அடுத்த ராம்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. எல்லா ராமையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். கேபினெட்டில் ஸ்பீக்கர் இருந்தால் போர்டு "பீப் பீப்" என்று கத்த வேண்டும். கத்தினால் சந்தோஷப்படுங்கள்: பிராசசரும் பயாஸும் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் சின்ன மென்பொருள்) உயிரோடு இருக்கின்றன.

நான்காம் படி: பட்டன் பாட்டரி

போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக இருப்பதுதான் சி.ஆர்.2032. 3 வோல்ட். இது தீர்ந்தால் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். "இன்டர்நெட் இருக்கிறது, ஆனால் எந்த சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது" என்பவர்கள் கடிகாரத்தைப் பாருங்கள், பல வருடம் பின்னால் இருக்கும்.

பாட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு, பிளஸ் குறி மேலே தெரியும்படி புதியதைப் போடுங்கள். பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். அதனாலேயே டிஸ்பிளே வந்துவிடுவதும் உண்டு. ஆனால் ஒரு சிக்கல்: விண்டோஸ் போட்டபோது பயாஸில் சாட்டா மோட் (போர்டு ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை) ஐ.டி.இ. என்று இருந்து, இப்போது ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாறியிருந்தால் (அல்லது மாறாக) நீலத்திரை வந்து நிற்கும். விண்டோஸ் கெடவில்லை. பயாஸில் போய் அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் வேறொரு எஸ்.எம்.பி.எஸ். இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றுவதாலேயே எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

டிஸ்பிளே வந்து, கொஞ்ச நேரத்தில் அணைந்தால்

இது பெரும்பாலும் சூடு. பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் பிராசசரின் வெப்பநிலை தெரியும். சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. இல்லையென்றால் பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க்கின் கால் ஒன்று போர்டிலிருந்து விலகியிருக்கிறது. இன்டெலின் பிளாஸ்டிக் கால்களில் இது அடிக்கடி நடக்கும், நாலு காலையும் ஆட்டிப் பாருங்கள். பேஸ்ட் மாற்றுவதென்றால் பழையதை முழுவதும் துடைத்து எடுத்துவிட்டு, நடுவில் ஒரு பச்சைப்பயறு அளவு வையுங்கள். பூசி மெழுக வேண்டாம்.

லேப்டாப் என்றால்

அடாப்டரையும் பாட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பாட்டரி இல்லாமல் அடாப்டரில் மட்டும் ஆன் செய்யுங்கள். வெளியிலிருந்து ஒரு மானிட்டரை இணைத்துப் படம் வந்தால் கோளாறு திரையில் அல்லது அதன் கேபிளில். பாட்டரி உப்பியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அழுத்திப் பார்ப்பதோ குத்துவதோ கூடாது.

2011இலிருந்து தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. "ஆன் ஆகவே பத்து நிமிஷம்" என்று ஓரம் கட்டியிருப்பார்கள். அந்தக் காலத்து லேப்டாப்களில் இருப்பது சுற்றும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. (சுற்றும் பாகமே இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டால் வித்தியாசம் முதல் பூட்டிலேயே தெரியும். ராம் கூட்டுவதாக இருந்தால் பழைய ராமின் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்குங்கள். டி.டி.ஆர்.3எல் 1.35 வோல்ட், சாதாரண டி.டி.ஆர்.3 1.5 வோல்ட். 1.35 மட்டுமே கொடுக்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ராமைப் போட்டால் ஆன் ஆகாது.

பழைய டிஸ்க்கில் படங்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் முன்பு அவற்றைக் காப்பி எடுங்கள். அப்புறம் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, "கரண்ட் பெண்டிங் செக்டார்" (சரியாகப் படிக்க முடியாத இடங்கள்) வரியில் பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இல் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய பிராசசர்களை ஏற்காது. 4 ஜி.பி. ராம் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலேசான பதிப்பு போடுங்கள். பிரவுசர், தமிழ் டைப்பிங், யூடியூப் எல்லாம் ஓடும்.

எதற்கும் உயிர் வராத போர்டு என்றால் செகண்ட் ஹேண்ட் போர்டுதான் வழி. சென்னையில் இருப்பவர்கள் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடலாம், உங்கள் ராமையும் பிராசசரையும் கொண்டுபோய் அங்கேயே போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேண்டாம், எடைக்கே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிவைத்துக்கொண்டு, சாட்டா-யு.எஸ்.பி. கேபிள் வழியாக வேறு கம்ப்யூட்டரில் இணையுங்கள். லேப்டாப் டிஸ்க்குக்கு அந்தக் கேபிளே போதும். டெஸ்க்டாப்பின் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் டிஸ்க் சுற்றாது.