டூர்னிகெட்டை உறையோடு பையில் போடாதீர்கள்

போர்முனைக்குக் கிளம்பும் முன்பே, ரத்தப்போக்கை நிறுத்தக் கை காலில் இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிகெட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, பட்டையைக் கால் நுழையும் அளவு வளையமாக்கி, குண்டு துளைக்காத அங்கியின் முன்பக்கம் இரண்டு கைக்கும் எட்டும்படி மாட்டிவிடுங்கள். தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் ஆளே போய்விடலாம். ரத்தம் வழுக்கும் விரல்களால், அதுவும் ஒற்றைக் கையால், உறையைப் பிரிக்கப் படாதபாடு படவேண்டும். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்துக் கட்டுங்கள். ரத்தம் நிற்கும்வரை பட்டையிலுள்ள குச்சியை முறுக்கிப் பூட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். உயிர்போகிற மாதிரி வலிக்கும், அதற்காகத் தளர்த்தாதீர்கள்.

பழகுவதற்குத் தனியாக இன்னொன்று வேண்டும். பலமுறை முறுக்கிப் பழகியது, தேவையான நேரத்தில் உடையக்கூடும்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்குக் காயங்களுக்கு இது உதவாது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் காஸ் எனும் மெல்லிய கட்டுத்துணியைக் காயத்துக்குள் திணித்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.