வீட்டு மரத்து எலுமிச்சை முதல் நார்த்தை வரை: பருவமறிந்து பறிப்பதும் பக்குவம் செய்வதும்

மாங்காயைப் பறித்து வைக்கோலில் மூடி வைத்தால் பழுத்துவிடும். வாழைத்தாரை வெட்டி அறையில் மாட்டினாலும் பழுத்துவிடும். எலுமிச்சைக் குடும்பத்துக் கனிகளுக்கு அந்த இயல்பு கிடையாது. காம்பு அறுபட்ட நேரத்தில் உள்ளே எவ்வளவு சாறும் இனிப்பும் இருந்தனவோ அவ்வளவுதான். அதற்குப் பிறகு தோலின் பச்சை மஞ்சளாக மாறலாம், தோல் மெலியலாம், ஆனால் பிஞ்சாகப் பறித்த காய் வீட்டில் கிடந்து தேறுவதில்லை. வெகுதூரம் பயணம் செய்யப்போகும் சரக்கைப் பறிக்கிற வியாபாரிக்கு நாள் பார்த்துக் காத்திருக்க வழியில்லை. வீட்டில் மரம் வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்த வசதி இருக்கிறது. எந்தக் காயை எந்த நிலையில் பறிக்க வேண்டும், பறித்ததை என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்துகொண்டால், ஒரே ஒரு மரம்கூட ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்துக்குப் பயன்படும்.

தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் பொதுவாகக் காணப்படுபவை எலுமிச்சை, நார்த்தை, கிடாரங்காய், சாத்துக்குடி, பம்பளிமாஸ் ஆகியவை. யாழ்ப்பாணத்தில் எலுமிச்சையைத் தேசிக்காய் என்றும் ஆரஞ்சு வகையைத் தோடம்பழம் என்றும் சொல்வார்கள். இந்தக் குடும்பத்தில் நார்த்தை, பம்பளிமாஸ், கமலா ஆரஞ்சு ஆகியவற்றின் இனங்கள் ஆதி மூதாதைகள். எலுமிச்சையும் சாத்துக்குடியும் பழங்காலக் கலப்பினால் பிறந்தவை. பெயர் தெரியாத கன்று ஒன்று வீட்டில் முளைத்திருந்தால், இலைக்காம்பைப் பார்த்தே ஓரளவு இனம் கண்டுகொள்ளலாம். பம்பளிமாஸ் இலையின் காம்பில் இருபுறமும் அகன்ற சிறகு போன்ற விரிவு இருக்கும். எலுமிச்சையில் அந்தச் சிறகு மிகவும் ஒடுங்கியிருக்கும். நார்த்தையில் அநேகமாக இருக்கவே இருக்காது. நார்த்தையும் கிடாரங்காயும் ஊருக்கு ஊர் பெயர் மாறி வழங்குவதால், நாற்றுப் பண்ணையில் கன்று வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாமல் காயின் உருவத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எலுமிச்சையை விதையிலிருந்தே வளர்க்கலாம். அதன் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தை அப்படியே ஒத்திருக்கும். விதையை உலர்த்தி வைத்தால் முளைப்புத் திறன் குறைந்துவிடும் ஆதலால், பழத்திலிருந்து எடுத்த அன்றே விதைத்துவிட வேண்டும். காய்ப்புக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க இயலாதவர்கள் பதியன் கன்றோ ஒட்டுக்கன்றோ வாங்கலாம். பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்ற எலுமிச்சை ரகம் தமிழ்நாட்டில் பரவலாகக் கிடைக்கிறது. சாத்துக்குடிக்கு ஒட்டுக்கன்றுதான் ஏற்றது. ஆனால் ஒட்டுக்குக் கீழே, வேர்க்கன்றின் (சாத்துக்குடியை ஒட்டுவதற்கு அடியாக வைத்த வேறு இனக் கன்றின்) பகுதியிலிருந்து முள்ளோடு வேகமாகக் கிளம்பும் தளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் சாத்துக்குடி மடிந்து வேர்க்கன்று மட்டுமே மரமாக நிற்கும்.

இரண்டரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பி, ஜூன் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் நடலாம். தண்ணீர் தேங்காத இடமாகவும் நல்ல வெயில் படும் இடமாகவும் இருப்பது முதன்மையானது. இந்த மரங்களின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால், மண்வெட்டியால் அடிமரத்தைச் சுற்றி ஆழமாகக் கொத்தக் கூடாது. பாத்தியை அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி வளையமாக அமைத்து, தண்ணீர் தண்டைத் தொடாதபடி பாய்ச்சினால், பட்டை வெடித்துப் பிசின் வடியும் நோயைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். வீட்டு மரங்கள் பட்டுப்போவதற்கு நான் கண்ட காரணங்களில் முதலாவது, அன்பு மிகுதியால் தண்டடியில் தினமும் ஊற்றப்படும் தண்ணீர்தான்.

இலை நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்து, புதிய இலைகள் சிறுத்துப்போனால், அது பெரும்பாலும் துத்தநாகக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, புதுத்தளிர் வந்த பிறகு, மார்ச், ஜூலை, அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களில் தெளிப்பது வழக்கம். இளந்தளிரை ஓரிரு நாளில் மொட்டையடித்துவிடும் புழு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு; சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவும், வளர்ந்த பின் இலைப்பச்சையாகவும் இருக்கும். வீட்டில் ஒன்றிரண்டு மரங்களே இருந்தால் மருந்து தேவையில்லை. காலையில் கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும். நன்கு வளர்ந்த மரத்தில் நான்கைந்து புழுக்களை விட்டுவைப்பதில் நட்டமில்லை என்பது என் கருத்து. அவை சிறகடித்துப் பறப்பதைப் பார்ப்பதும் தோட்டத்தின் பயன்களில் ஒன்று.

எலுமிச்சை ஆண்டில் பலமுறை பூத்தாலும், பூவிலிருந்து பறிப்பு வரை ஏறத்தாழ ஐந்தரை மாதங்கள் ஆகும் என்பதை மனத்தில் வைத்தால் கணக்கு எளிதாகிவிடும். தையிலும் மாசியிலும் பூத்தவை ஆடி, ஆவணியில் குவியலாக வந்து சேரும். அம்மன் கோயில்களில் எலுமிச்சை மாலை தொங்கும் ஆடி மாதத்தில் வீட்டு மரமும் நிறைந்திருப்பது பொருத்தமாக அமைகிறது. பங்குனி, சித்திரையில், அதாவது ஒரு பழத்தின் விலை கேட்டுத் திகைக்கும் கோடையில், காய் வேண்டுமென்றால் புரட்டாசி, ஐப்பசியில் பூ பிடித்திருக்க வேண்டும். அதற்காக ஆவணி முதல் மூன்று நான்கு வாரங்கள் தண்ணீரை நிறுத்தி, இலைகள் சற்றே தொய்யும் வரை மரத்தை வாடவிட்டு, பிறகு தொழுவுரமும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டுச் சிறிது சிறிதாகத் தண்ணீரைக் கூட்டுவார்கள். இடையில் நல்ல மழை பெய்துவிட்டால் அந்த ஆண்டு இந்த முறை பலிக்காது. இளங்கன்றுகளிடமும் நோயுற்ற மரங்களிடமும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

எலுமிச்சை பறிப்பதற்கு உரிய அடையாளம் மஞ்சள் நிறமன்று. கரும்பச்சை வெளிறி இளம்பச்சையாகி, சொரசொரப்பு நீங்கித் தோல் வழவழப்பாகி, கையில் எடுத்தால் உருவத்துக்கு மீறிய கனம் தெரிந்தால் சாறு நிறைந்துவிட்டது என்று பொருள். ஊறுகாய்க்கு முழு மஞ்சளாகப் பழுத்ததே சிறந்தது. தோல் மெலிந்திருப்பதால் விரைவில் ஊறும். பனி ஈரத்தோடு அதிகாலையிலோ மழை விட்ட உடனேயோ பறிக்கக் கூடாது. அந்த நேரத்தில் தோலிலுள்ள எண்ணெய்ப் பைகள் நீரால் புடைத்திருப்பதால் சிறு அழுத்தத்திலும் உடைந்து, கசிந்த எண்ணெய் தோலைச் சுட்டுப் பழுப்புத் தழும்பாக்கிவிடும். அத்தகைய பழம் நெடுநாள் தாங்காது. வெயில் ஏறி ஈரம் உலர்ந்த பின், இழுத்துப் பிய்க்காமல், கத்தரியால் சிறிது காம்போடு நறுக்குவதே முறை. இன்னொரு எச்சரிக்கை: சாறும் தோலெண்ணெயும் பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் கருத்துக் கொப்புளிக்கக்கூடும், பறித்து முடித்ததும், பிழிந்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே வெளியே செல்ல வேண்டும்.

சமையலில் எலுமிச்சைச் சாற்றுக்கு ஒரே விதிதான்: அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். எலுமிச்சை ரசமாக இருந்தாலும் சாதமாக இருந்தாலும், கொதிக்கும்போது ஊற்றினால் மணம் ஆவியாகிக் கசப்புத் தலைகாட்டும். மூடியைப் பிழியும்போது தோல் நசுங்கும் அளவுக்கு அழுத்துவதும் அதே கசப்பைக் கொண்டுவரும். ஆடிக் குவியலை என்ன செய்வது என்று தெரியாதவர்கள், சாற்றை வடிகட்டிப் பனிக்கட்டித் தட்டுகளில் உறையவைத்து, கட்டிகளை மூடிய டப்பாவில் போட்டு உறைபெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். கோடையில் ஒரு கட்டிக்கு ஒரு குவளைச் சர்பத் என்று பயன்படும்.

சாத்துக்குடியில் பலர் செய்யும் தவறு, அது மஞ்சளாகும் என்று காத்திருப்பது. ஆரஞ்சு வகைகளின் தோல் நிறம் மாறுவதற்குக் குளிர்ந்த இரவுகள் தேவை. நம் சமவெளிகளில் உள்ளே முழுதும் இனித்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும். பூத்து எட்டு ஒன்பது மாதங்கள் கழிந்ததும் ஒரு பழத்தை அறுத்துச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்வதே நம்பகமான வழி. பிழிந்த சாறு சிறிது நேரத்தில் கசக்கத் தொடங்கும் ஆதலால் அப்போதே குடித்துவிட வேண்டும். சுளையாகத் தின்பது இன்னும் நல்லது. பம்பளிமாஸ் பழத்தைப் பறித்த பிறகு ஒரு வாரம் நிழலில் வைத்தால் தடித்த தோல் சற்றுத் தளர்ந்து உரிக்க எளிதாகும். சுளையை மூடியிருக்கும் தோலில்தான் கசப்பு முழுவதும் இருக்கிறது. அதைப் பொறுமையாக நீக்கி, சாற்று மணிகளை மட்டும் உதிர்த்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவிச் சாப்பிட வேண்டும். இந்தப் பழம் சில மருந்துகள் உடலில் தங்கும் அளவைக் கூட்டிவிடும்; கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நார்த்தைக்கு வருவோம். சாறு குறைவு, தோல் தடிப்பு, பச்சையாகத் தின்ன இயலாத கசப்பு என்று இதைப் பலர் வெட்டிவிடுவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. நார்த்தையின் அருமை அதன் தோலில்தான் இருக்கிறது. அதை வெளிக்கொண்டுவர உப்பும் வெயிலும் காலமும் வேண்டும். உப்பு நார்த்தங்காய்க்கு இளங்காய் உதவாது. சாறு இறங்காமல் உப்பு உப்பாகவே நிற்கும். நன்கு பழுத்ததும் உதவாது, ஊறும்போது குழைந்துவிடும். பச்சை வெளிறி, அடிப்பகுதியில் இலேசாக மஞ்சள் தொடங்கும் நாளே அதன் பதம். மாசி பிறந்து வெயில் உறைக்கத் தொடங்கும் வேளையில் இந்தப் பதத்தில் காய் கிடைத்தால் அதைவிட நல்ல பொருத்தம் இல்லை.

காய்களைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட வேண்டும். பிறகு காம்புப் பக்கத்திலிருந்து கத்தியைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்து, அறுந்துபோகாமல் ஒரே சுருளாக நறுக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் அடிப்பகுதியை விட்டுவிட்டு நான்காகக் கீறிக்கொள்ளலாம். கண்ணில் படும் விதைகளை எடுத்துவிட வேண்டும். ஒரு கிலோ காய்க்கு 200 முதல் 250 கிராம் வரை கல்லுப்பை வெயிலில் காயவைத்துப் பொடித்து, சுருளின் மடிப்புகளுக்குள் அடைத்து, பீங்கான் ஜாடியில் அடுக்கி, வாயை வெள்ளைத் துணியால் கட்டிவிடலாம். அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் கூடவே கூடா. புளிப்பு அவற்றை அரித்துவிடும். காலையும் மாலையும் ஜாடியைக் குலுக்கிவர, ஒரு வாரத்திலிருந்து பத்து நாட்களுக்குள் காய் தளர்ந்து உப்புநீர் மேலே எழும். அதன் பின் காலையில் சுருள்களை எடுத்துத் தட்டில் பரப்பி வெயிலில் வைத்து, உப்புநீர் இருக்கும் ஜாடியையும் அருகிலேயே வைத்து, மாலையில் சுருள்களை மறுபடி அந்த நீரிலேயே போட வேண்டும். காய் பகலில் உலர்ந்து இரவில் நீரைக் குடிக்கும். உப்புநீர் முழுவதும் உறிஞ்சப்படும்வரை, வெயிலைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நாட்கள், இதைத் தொடர வேண்டும். கடைசியில் தோல் கருத்து, அதன்மேல் உப்பு வெண்பொடியாகப் பூத்து நிற்கும். உப்பைக் குறைத்தாலோ ஈரக்கை பட்டாலோ பூசணம் பிடிக்கும். நிறமுள்ள பூசணம் வந்தால் சுரண்டிவிட்டுப் பயன்படுத்த எண்ணாமல் எறிந்துவிட வேண்டும்.

கிடாரங்காய்க்கு இவ்வளவு காத்திருப்பு வேண்டாம். நார்த்தையைவிடச் சாறு மிகுந்திருப்பதால், பொடியாக நறுக்கி உப்பு, மஞ்சள்தூளில் மூன்று நாட்கள் ஊறவைத்து, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயப்பொடி, பெருங்காயம், மிளகாய்த்தூள் சேர்த்துத் தாளித்தால் போதும். நார்த்தை காய்க்காத மாதங்களில் இலையைப் பயன்படுத்தலாம். அந்த இலையை இடித்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்வது வேப்பிலைக்கட்டி; அப்படிப் பெயர் பெற்றிருந்தாலும் அதில் வேப்பிலை சேர்வதில்லை. கொழுந்தும் முற்றலும் அல்லாத நார்த்தை இலை இரண்டு கைப்பிடி, எலுமிச்சை இலை ஒரு கைப்பிடி எடுத்து, நடுநரம்பைக் கிழித்து நீக்கி, காய்ந்த மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்பு, சிறிது புளி ஆகியவற்றோடு தண்ணீர் விடாமல் இடித்து உருட்டிக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்து தெளித்த மரத்து இலையை இதற்குத் தொடக்கூடாது.

உப்பு நார்த்தங்காயை முதல் மாதமே எடுக்கலாம் என்றாலும் அப்போது கசப்பு முன்னால் நிற்கும். ஆறு மாதங்கள் கழித்து அது அடங்கி, தோலின் மணம் மேலெழும். இரண்டாம் ஆண்டில் விரல்நகம் அளவு துண்டு ஒன்றே ஒரு கிண்ணம் பழைய சோற்றுக்குப் போதுமானதாக இருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் அவ்வளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜாடியில் ஆண்டையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவிட்டு, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைத்துக்கொள்ளுங்கள்.