எட்டு வரிசைக்குப் பின் காணாமல் போன லாட் எண்கள்

போடிநாயக்கனூரில் நான் கணினி பார்க்கும் ஏலக்காய்க் கடையில், குமுளியிலிருந்து வரும் எக்செல் பட்டியலை ஓஎல்இடிபி அடாப்டர் (தரவைப் படித்துக் கொடுக்கும் இணைப்பு மென்பொருள்) வழியாக ஒருங்கிணைப்பு மென்பொருளுக்கு அனுப்பியபோது, ‘118’ போன்ற லாட் எண்கள் (ஒவ்வொரு சரக்குத் தொகுதிக்கும் உரிய எண்கள்) ஒழுங்காகச் சேர, ‘118ஏ’ போன்றவை மட்டும் எந்தப் பிழைச் செய்தியும் இன்றி வெற்றாக விழுந்தன. கோப்பின் அனுமதிகளை மாற்றிப் பார்த்ததில் மூன்று நாள் போயிற்று. லாட் எண் இருந்த பத்தியை (நெடுவரிசையை) டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றியும் பயனில்லை. ஏற்கெனவே தட்டிய எண்கள், மறுபடி தட்டும்வரை, எண்களாகவே இருக்கும்.

அடாப்டருக்காக எக்செலைப் படிக்கும் டிரைவர் இயல்பாக முதல் 8 வரிசைகளை மட்டும் பார்த்தே பத்தியின் வகையை ஊகிக்கிறது; எண் என்று ஊகித்துவிட்டால், எழுத்து கலந்தவற்றை வெற்றாக விட்டுவிடும். எங்கள் பட்டியலிலோ எழுத்து ஒட்டிய முதல் எண் 11-ஆம் வரிசையில்தான் இருந்தது. கலப்புப் பத்தியை எழுத்தாகப் படிக்கச் சொல்ல, இணைப்பு அமைப்பில் சேர்க்குமாறு பலரும் சொல்லும் ‘ஐமெக்ஸ்=1’ மட்டும் போதாது, ஏனெனில் பார்க்கப்படும் வரிசைகளுக்குள் கலப்பு இருந்தால்தான் அது வேலை செய்யும். அதோடு விண்டோஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில், எத்தனை வரிசை பார்த்து ஊகிப்பது என்று சொல்லும் ‘டைப்கெஸ்ரோஸ்’ மதிப்பை, எட்டோடு நிற்காமல் மேலும் பார்க்கும்படி 0 ஆக்கி, அடாப்டர் சேவையை மறுதொடக்கம் செய்த பிறகே ‘118ஏ’ முழுதாக வந்து சேர்ந்தது. அப்பாடா!