பிளேரைட் ஓட்டையும் ‘கே’ போடும் பழக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலாவியை நிரல் எழுதி இயக்குகிற பிள்ளைகள் வன்னியில் இப்போது குறைவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பம்பைமடுவில் வவுனியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கம்பனிக்கு டெஸ்டிங் செய்து கொடுக்கிறவர்களும் உண்டு. இவர்களில் பலர் கையில் இருப்பது பிளேரைட். மைக்ரோசொஃப்ட் 2020இல் வெளியிட்ட இந்த மென்பொருள், பட்டனை அழுத்துவது, படிவம் நிரப்புவது போன்றவற்றை மனிதருக்குப் பதிலாகத் தானே செய்துகொள்ளும்.

அதில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை 2025 ஒக்டோபரில் பகிரங்கமானது. இப்படியான ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது அடையாள வரிசையில் சிவிஇ-2025-59288 என்பது அதன் இலக்கம். கையொப்பத்தைச் சரியாகச் சரிபார்க்காமை என்ற வகையில் அதைப் போட்டிருக்கிறார்கள். நடந்தது மிகச் சாதாரணமானது. மேக் கணினியில் குரோம் அல்லது எட்ஜ் உலாவியை நிறுவ பிளேரைட் சில ஷெல் ஸ்கிரிப்ட்களை, அதாவது கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு கோப்புகளை, வைத்திருந்தது. அவை ‘கர்ல்’ கட்டளையால் உலாவியைத் தரவிறக்கின. அந்தக் கட்டளையோடு ‘கே’ என்ற ஒரெழுத்துத் தெரிவும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரில் இருக்கும் சேவர் தன்னை யார் என்று காட்ட நீட்டும் அடையாளச் சான்றான சேர்ட்டிபிகேட் செல்லுமா செல்லாதா என்று பார்க்கவேண்டாம், யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள் என்பதுதான் ‘கே’யின் பொருள்.

இதனால் என்ன வரும்? நீங்கள் இருக்கிற அதே வலையமைப்பில் ஒருவர் இடையில் புகுந்து, கூகுளின் சேவர் போலப் பதில் சொல்லி, தன் கோப்பை அனுப்பலாம். ஸ்கிரிப்ட் அதைத் திறந்து அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்குள் போட்டுவிடும். உலாவி வழியாக இறக்கிய கோப்பு என்றால் மேக் அதற்கு ஒரு தனிமைப்படுத்தல் அடையாளம் இட்டு, முதல்முறை திறக்கும்போது கேட்கீப்பர் என்ற தன் காவல் வசதியை விட்டுப் பரிசோதிக்கும். கர்ல் அந்த அடையாளத்தை இடுவதில்லை. வாசலில் காவல் இல்லை, உள்ளே வந்தபிறகும் கேட்க ஆள் இல்லை. 1.55.1 பதிப்பில் இது திருத்தப்பட்டுவிட்டது.

சரி, திருத்திவிட்டார்கள், அப்புறம் என்ன என்று கேட்கலாம். இந்த ஓட்டையைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் செய்கிற தவறுகள்தான் எனக்கு ஓட்டையைவிடப் பெரிதாகத் தெரிகின்றன.

முதலாவது, “என்னிடம் மேக் இல்லை, எனக்கு இது இல்லை” என்று கடந்துபோவது. உண்மைதான், அந்த ஸ்கிரிப்ட்கள் மேக்குக்கானவை. பிளேரைட் தன்னோடு கொண்டுவரும் குரோமியம் வேறு வழியாக இறங்குகிறது. வன்னியில் பெரும்பாலானோர் விண்டோஸில்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் உங்கள் சொந்த ஸ்கிரிப்ட்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். கர்லில் ‘கே’ இருக்கும். நிரல் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டின் அமைப்பில் எஸ்எஸ்எல் (சேர்ட்டிபிகேட்) சரிபார்ப்பு ‘ஃபால்ஸ்’ என்று இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பெக்கேஜ்களை இறக்கும் என்பிஎம்மில் ‘ஸ்ட்ரிக்ட்-எஸ்எஸ்எல்’ அணைக்கப்பட்டிருக்கும், பைதனில் அதே வேலை செய்யும் பிப்புக்கு ‘டிரஸ்டட்-ஹோஸ்ட்’ கொடுக்கப்பட்டிருக்கும். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்டின் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பில்) டிஎல்எஸ் நிராகரிப்பைப் பூச்சியமாக்கிவிட்டு மறந்திருப்பீர்கள். எல்லாம் அதே ‘கே’தான், பெயர்தான் வேறு. மைக்ரோசொஃப்ட்டின் ஆட்களே இப்படி விட்டிருக்கிறார்கள் என்றால், யாரோ யூடியூபில் சொன்னதைப் பார்த்து ஒட்டிய நம் ஸ்கிரிப்ட் எம்மாத்திரம்?

அடுத்தது, தாக்குபவர் அருகிலுள்ள வலையமைப்பில் இருந்தால்தான் இது பலிக்கும் என்ற வரியைப் படித்துவிட்டு நிம்மதி அடைவது. ஆளாளுக்குத் தனி இணைப்பு இருக்கிற இடத்தில் அது கொஞ்சம் ஆறுதல்தான். நம் நிலைமை அதுவா? விடுதியில் ஒரு மாடிக்கு ஒரு ரவுட்டர். போர்டிங் வீட்டில் வீட்டுக்காரரின் வைஃபையில் முழு வீடும் தொங்கும். டியூட்டரியில் பாஸ்வேர்ட் சுவரிலேயே எழுதியிருக்கும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்கு, வாங்கியபோது இருந்த யூசர்நேம், பாஸ்வேர்ட் இன்னும் அப்படியே இருக்கும். அதற்குள் போக முடிந்தவர், தளத்தின் பெயருக்கு முகவரி தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ்ஸை மாற்றிவிட்டால் போதும், அந்த வீட்டில் யார் எதைத் தரவிறக்கினாலும் அவர் சொல்கிற இடத்துக்குத்தான் போய் நிற்கும். அப்போது நம்மைக் காப்பது சேர்ட்டிபிகேட் சரிபார்ப்பு ஒன்றுதான். அதைத்தான் ‘கே’ போட்டு அணைத்துவிடுகிறோம். அருகிலுள்ள வலையமைப்பு என்பது நமக்கு அன்றாடம்.

ஆனால் யாரும் வேண்டுமென்று அணைப்பதில்லை. “அண்ணை, சேர்ட்டிபிகேட் எரர் வருது” என்று ஒரு தம்பி கேட்பான். “கே போட்டுவிடு, ஓடும்” என்று பதில் வரும். ஓடவும் செய்யும். அந்தப் பதில்தான் மூன்றாவது தவறு, எல்லாவற்றுக்கும் தாய்த் தவறும் அதுதான்.

எரர் வந்தால் முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டொப்களில் மதர்போர்ட்டில் இருக்கும் நாணய வடிவ பற்றரி செத்துப்போயிருக்கும். கரண்ட் போய் வந்தால் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். சேர்ட்டிபிகேட்டுக்குத் தொடக்கத் திகதி, முடிவுத் திகதி இரண்டும் உண்டு. கணினி 2010 என்று நினைத்துக்கொண்டிருந்தால் இன்றைய சேர்ட்டிபிகேட் எல்லாம் அதற்கு இன்னும் தொடங்காதவைதான். பற்றரியை மாற்றினால் தீர்கிற விடயம் இது.

திகதி சரி என்றால் அடுத்த சந்தேகம் கணினியில் இருக்கும் மூலச் சேர்ட்டிபிகேட்கள், அதாவது மற்றச் சேர்ட்டிபிகேட்களை நம்பலாமா என்று கணினி ஒப்பிட்டுப் பார்ப்பவை. 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி, தளங்களுக்கு இலவசமாகச் சேர்ட்டிபிகேட் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சேர்ட்டிபிகேட் காலாவதியானது. அன்றிலிருந்து புதுப்பிக்காத பழைய கணினிகளில் நல்ல தளங்களுக்குக்கூட எரர் வரத் தொடங்கியது. டேட்டா மிச்சம் பிடிக்க அப்டேட்டை நிறுத்தி வைத்திருப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். மருந்து அப்டேட்தான்.

மூன்றாவது காரணம், நிறுவனத்தின் புரொக்ஸி (இணையப் போக்குவரத்தை இடைநின்று கடத்தும் சேவர்) இடையில் நின்று தன் சேர்ட்டிபிகேட்டை நீட்டுவது. அப்படியானால் நிர்வாகியிடம் அந்தச் சேர்ட்டிபிகேட்டைக் கேட்டு வாங்கி, நோட் நிரலுக்கு ‘எக்ஸ்ட்ரா சிஏ சேர்ட்ஸ்’ என்ற சூழல் மாறியில் கொடுக்கலாம். சரிபார்ப்பை அணைக்கத் தேவையில்லை. இந்த மூன்றும் இல்லாமல் எரர் வருகிறது என்றால், யாரோ உண்மையிலேயே இடையில் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு வேறு இணைப்புக்கு மாறுங்கள்.

பென்ட்ரைவ் விடயத்தையும் சொல்லவேண்டும். பிளேரைட்டின் உலாவிகள் எல்லாம் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான எம்பி வரும். இரவு டேட்டாவில் ஒருவர் இறக்கி, மற்றவர்கள் பென்ட்ரைவில் வாங்கிக்கொள்வது நமக்குப் பழக்கம். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை, டேட்டா விலை அப்படி. ஆனால் கோப்போடு சேர்த்து அதன் எஸ்எச்ஏ-256 ஹாஷையும் (கோப்பிலிருந்து கணக்கிடும், கோப்பு மாறினால் தானும் மாறும் கைரேகை போன்றது) அதே பென்ட்ரைவில் வாங்கி, “சரியாகப் பொருந்துது” என்று திருப்திப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்பை மாற்றத் தெரிந்தவனுக்கு அந்த 64 எழுத்துகளையும் மாற்றத் தெரியாதா? கோப்பு நண்பனிடமிருந்து வரலாம், ஹாஷ் மட்டும் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து, உங்கள் கையால், எரர் எதுவும் இல்லாத இணைப்பில் வரவேண்டும். அதற்கு ஒரு எம்பிகூடச் செலவாகாது. விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கொடுத்தால் உங்கள் கோப்பின் ஹாஷ் வந்துவிடும்.

சேவர் சேர்ட்டிபிகேட்டும், தயாரித்தவர் கோப்பில் இடும் டிஜிட்டல் கையொப்பமும் ஒன்று என்று நினைப்பவர்களும் உண்டு. உரம் வாங்கப் போகிறவர் கடையின் பெயர்ப்பலகையைப் பார்ப்பார், மூட்டையின் தையல் பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார். சேர்ட்டிபிகேட் பெயர்ப்பலகை, கையொப்பம் மூட்டைத் தையல். பென்ட்ரைவில் வந்த குரோம் இன்ஸ்டோலருக்குப் பெயர்ப்பலகை கிடையாது, தையல் மட்டும்தான் மிச்சம். கோப்பை ரைட் கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பகுதிக்குப் போங்கள். அந்தப் பகுதி இருப்பதைக் கண்டதும் மூடிவிடாதீர்கள். விபரத்தைத் திறந்து, கையொப்பம் செல்லும் என்று சொல்கிறதா, இட்டவர் பெயர் கூகுள் எல்எல்சி என்று இருக்கிறதா என்று பாருங்கள். வேறொருவர் பெயரிலும் செல்லுபடியான கையொப்பம் இருக்க முடியும்.

இனி அப்டேட். தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் பெக்கேஜ் கோப்பில் பிளேரைட்டின் எண்ணை 1.55.1 ஆக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழும்பிவிடுகிறார்கள். சரியான பதிப்புகளைப் பூட்டி வைக்கும் லொக் கோப்பு பழையதாகவே இருந்தால், அதன்படி நிறுவும் ‘என்பிஎம் சிஐ’ கட்டளை இரண்டும் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். அதுவாவது நல்லது. இன்னொரு டெஸ்டிங் நூலகம் தன் வயிற்றுக்குள் பழைய பிளேரைட்-கோரை (பிளேரைட்டின் உள் இயக்கியை) வைத்திருப்பதுதான் சத்தமில்லாமல் தப்பிவிடுவது. ‘என்பிஎம் எல்எஸ் பிளேரைட்-கோர்’ என்று அடித்துப் பாருங்கள், யார் யார் எந்தப் பதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். பைதன், ஜாவா, டொட்நெட்டில் எழுதுகிறவர்களின் பெக்கேஜுக்குள்ளும் அதே இயக்கி இருக்கிறது, அவர்களும் புதிய பதிப்புக்குப் போகவேண்டும். பிளேரைட்டை முழுச் சூழலோடு கட்டி வைத்திருக்கும் டொக்கர் இமேஜையும் மறக்கவேண்டாம்.

பிளேரைட்டில் எச்டிடிபிஎஸ் எரர்களைப் புறக்கணி என்று ஒரு தெரிவு இருக்கிறது, அது இந்த ஓட்டையோடு சம்பந்தப்பட்டதல்ல. உங்கள் கணினியிலேயே ஓடுகிற சோதனைத் தளத்துக்கு அதைப் போடலாம். கம்பனியின் உண்மையான லொகின் போகிற சோதனைக்குப் போட்டால் பாஸ்வேர்டைத் தெருவில் வைத்தமாதிரி.

மேக் வைத்திருக்கும் சிலருக்குக் கடைசியாக ஒன்று. பழைய பதிப்பில் இருந்தபோது, பகிர்ந்த வைஃபையில், பிளேரைட் மூலம் குரோமையோ எட்ஜையோ நிறுவியிருந்தால், பிளேரைட்டை அப்டேட் செய்வதால் அந்த உலாவி மாறாது. அதை நீக்கிவிட்டு, தயாரித்தவர்களின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிப் போடுங்கள். அதில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்ட்கள் இருந்தால், மின்னஞ்சலிலிருந்து தொடங்கி, வேறொரு கணினியில் அல்லது போனில் இருந்து மாற்றிவிடுங்கள்.